அருங்காட்சியக வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆட்சிக்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். போன ஆண்டும் அப்படித்தான் சேர்ந்தது.

ஆட்சிக்குழு நான்கு முறை கூடியது. பொங்கலையொட்டி வினாடி வினா நடந்தது. பன்னாட்டு அருங்காட்சியக நாளான மே 18 அன்று ஒரு சொற்பொழிவு.

ஐந்து உலாக்களுக்குத் திட்டமிட்டு நான்கை முடித்தோம்: புதுக்கோட்டை, கோவையில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம், தரங்கம்பாடிக் கோட்டை, ஆதிச்சநல்லூர். விடுபட்டது தருமபுரி. வங்கி உறுப்பினர்களுக்கு வசதி என்று இரண்டாம் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கினார்கள். அரசு மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியோடு இரண்டாம் சனியும் விடுமுறை. நமக்கு ஓய்வு கிடைக்கிற நாளில் காப்பாட்சியருக்கும் ஓய்வு. வேன் முன்பணம் திரும்பவில்லை.

அந்த நட்டத்தில் பிறந்ததுதான் உலா அட்டை. இதைச் செயலாளரின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஆகவே சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

ஓர் இடத்துக்கு ஓர் அட்டை, அஞ்சலட்டை அளவு. முதல் வரி, அது யாருடைய நிர்வாகம் என்பது. விடுமுறை, படம் எடுக்க அனுமதி, கடிதம் யாருக்கு எழுதுவது எல்லாம் அதைப் பொறுத்தவை. பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், நடத்துவது கேரளத் தொல்லியல் துறை. அங்கே விடுமுறை திங்கள். வெள்ளியைத் தவிர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகத் திங்களன்று போய் நின்றால் கதவுதான் தெரியும்.

இரண்டாவது வரி, ஒரு கூடத்தில் எத்தனை பேர் நிற்கலாம். சிறிய கூடங்களில் பன்னிரண்டுக்கு மேல் போனால் பின்வரிசை பார்ப்பது முன்வரிசையின் முதுகை. இரண்டு அணியாகப் பிரித்து, ஒன்றை வாசலிலிருந்தும் மற்றதைக் கடைசிக் கூடத்திலிருந்தும் தொடங்கச் சொன்னால் நடுவில் ஒருமுறைதான் முட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது, வெளிச்சம். நடுகல் எழுத்தும் கோட்டுருவமும் உச்சிவெயிலில் தட்டையாகி மறைந்துவிடும். காலை ஒன்பதுக்குள், இல்லையேல் மாலை நான்குக்குப் பின். கூடத்துக்குள் என்றால், அனுமதி கேட்டு, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஏறக்குறைய கல்லை ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. எழுத்து துலங்கட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் கல்லைக் கெடுக்கும்; நம்மவர்கள் செய்யக்கூடாது. கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதைப் படமெடுக்க ஃபிளாஷை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஒட்டிக் கைபேசியைப் பிடித்தால் போதும். வெள்ளைச் சட்டை போட்டவர் எதிரே நின்றால் படத்தில் அவரும் இருப்பார்.

நான்காவது வரியைத்தான் யாரும் நிரப்புவதில்லை: இங்கே கிடைத்த பொருள் இப்போது எங்கே இருக்கிறது? ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. ஊரில் இருப்பது குழியும், இறந்தவரைப் புதைத்த தாழியும். முதலில் தாழியைக் கண்டுவிட்டு எழும்பூர் போனால்தான் அந்தப் பட்டம் யார் நெற்றிக்கு என்ற கேள்வி எழும். தரங்கம்பாடியும் அப்படியே. டேனியர் 1620இல் கட்டிய கோட்டையைப் பார்த்த கையோடு, 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் அச்சுக்குப் பட்ட பாட்டையும் பார்க்காமல் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். மூன்று பேர் கோட்டை மதிலில் செல்ஃபி எடுத்ததோடு சரி.

முப்பது அட்டைகள் அச்சிட்டோம். நிரம்பி வந்தவை ஏழு. அவற்றில் நான்கு என் கையெழுத்து.

வரவு செலவு ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்போர் பார்க்கலாம். சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர் நாற்பத்தெட்டு, கட்டியவர் முப்பத்தொன்று. மீதிப் பதினேழு பேரில் சிலர்தான் வேனில் ஜன்னலோர இருக்கையை முதலில் கேட்டவர்கள். முந்தின இரவு பத்து மணிக்கு "வர இயலவில்லை" என்று செய்தி அனுப்பினால் அந்த இருக்கைக்கான வாடகை மற்றவர் தலையில்தான் விழும். இனி முன்பதிவுத் தொகை கட்டியவருக்கே இடம் என்று ஆட்சிக்குழு முடிவு செய்துள்ளது.

கூடம் தந்த பள்ளிக்கும், பொறுமையாக விளக்கிய காப்பாட்சியர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த துணைச் செயலாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு தருமபுரி மீண்டும் (முதல் சனிக்கிழமை), அடுத்து கீழடி, பத்மநாபபுரம். காப்பாட்சியருக்குக் கடிதம் பதினைந்து நாள் முன்னதாகப் போக வேண்டும். எழுத எனக்கு மறுப்பில்லை. ஆனால் செயலாளர் பொறுப்பில் இது ஆறாவது ஆண்டு. வேறு யாராவது முன்வந்தால் அட்டைப்பெட்டியை இன்றே ஒப்படைத்துவிடுவேன். தருமபுரிக்கு வேனில் பதினேழு இடம். இதுவரை ஒன்பது பெயர். பதிவேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் பின்மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்