பம்புசெட்டுக்கும் கெப்பாசிட்டர் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழகத்தில் உயரழுத்த இணைப்புள்ள ஆலையின் மின்திறன் காரணி (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.90-க்குக் கீழே இறங்கினால், 0.85 வரை ஒவ்வொரு 0.01 குறைவுக்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்; அதற்கும் கீழே போனால் இந்த விகிதம் இன்னும் கூடும். அதனால் ஆலைகள் இந்தக் காரணியை உயர்த்தும் கெப்பாசிட்டரைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கின்றன. இலவச மின்சாரம் பெறும் பம்புசெட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. இலவசம் தொடரட்டும், விவசாயிக்கு அது உயிர்நாடி. ஆனால் கெப்பாசிட்டரை ஏன் மறந்தோம்?

காரணி 0.75-ல் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் சுமார் 8.3 ஆம்பியர் இழுக்கும். 2 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டர் திறனின் அலகு) கெப்பாசிட்டர் இருந்தால் 6.8 ஆம்பியர் போதும். அந்த மோட்டாரால் கம்பியில் வீணாகும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கடைக்கோடி வயலில் வோல்டேஜும் தேறும். மோட்டார் காயில் கருகுவது குறையும்.

கெப்பாசிட்டரை ஸ்டார்ட்டருக்குப் பின், மோட்டார் பக்கம் இணைக்க வேண்டும்; மோட்டார் நின்றால் அதுவும் விலகிவிட வேண்டும். சுமை கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவுக்கும் மோட்டாருக்கும் இடையில் இணைத்தால், ரிலே வழியே போகும் ஆம்பியர் குறைவதால் ரிலே அளவையும் குறைத்து வைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு சுமை கூடும்போது ரிலே விழாமல் மோட்டார்தான் எரிகிறது.

நல்ல 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் 415 வோல்ட்டில் லைனுக்கு 2.8 ஆம்பியர் காட்டும். 2-க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம்.

வீணாகும் மின்சாரத்தின் செலவு கடைசியில் அரசு மானியத்திலும், பட்டறை, கடைகளின் கட்டணத்திலும்தான் ஏறுகிறது. எனவே மின்வாரியமே தன் செலவில் கெப்பாசிட்டர் பொருத்தி, ஆண்டுதோறும் பாசனப் பருவத்துக்கு முன் டாங் டெஸ்டரால் (கம்பியைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) சோதிக்க வேண்டும்.