மாரி பெய்த பின் எழுதும் நன்றி மடல்

கடந்த யூலை மாத இறுதியில் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து வந்து, 3 வாரங்கள் எங்கள் பெண்பிள்ளைகள் சிறுவர் இல்லத்தில் உழைத்துச் சென்ற 9 பல்கலைக்கழக மாணவர்களுக்கும், அவர்களுக்குத் தோள்கொடுத்த திருகோணமலை உறவுகளுக்கும், பிள்ளைகள் சார்பிலும் பணியாளர்கள் சார்பிலும் இல்லத்தின் பொறுப்பாளராகிய நான் எழுதும் மடல் இது.

நீங்கள் புறப்பட்ட மறுநாளே எழுதியிருக்க வேண்டிய நன்றி. ஆயினும், கச்சான் காற்றும் வெயிலும் மாறி மாறி வாட்ட நீங்கள் ஓடு சுமந்து மாற்றித் தந்த கூரையை மாரி வந்து நனைத்துப் பார்க்கட்டும், அதன் பிறகு எழுதுவோம் என்று காத்திருந்தேன். கார்த்திகையில் நான்கு இரவுகள் விடாமல் பெய்தது. பெரிய பிள்ளைகளின் படுக்கையறையில் மழைக்கு மழை மூன்று வாளியும் ஓர் அண்டாவும் வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்போம். இம்முறை ஒன்றையும் வைக்கவில்லை. குசினிப் பக்கத்துச் சுவரில் மட்டும் சிறிது ஈரம் கசிந்தது. அதையும் மேசன் வந்து சரிசெய்துவிட்டார்.

உங்கள் முதற்கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளோடு விளையாட வேண்டும், பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்களைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கவும் உதவலாம் என்று ஆசையோடு எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் அனுப்பிய பதில் கடுமையாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒரு குழுவினர் பத்து நாட்கள் எங்கள் சிறுமிகளைத் தோளிலும் மடியிலும் வைத்துக் கொஞ்சிவிட்டு, மீண்டும் வருவோம் என்று சொல்லிப் போனார்கள், வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, வீதியில் வான் வண்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் படலையடிக்கு ஓடியதை ஒரு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே ஒருமுறை பிரிவைக் கண்ட பிள்ளைக்கு நாமே இன்னொரு பிரிவைக் கொடுத்துவிட்டோம் என்று அன்று உணர்ந்தோம். குறுங்காலத்துக்கு வருபவர்கள் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுவதில்லை, தனியாக அவர்களோடு இருப்பதில்லை, முகம் தெரியப் படம் எடுப்பதில்லை என்னும் விதிகளை அதன் பிறகே வகுத்துக்கொண்டோம்.

இவற்றைப் படித்த பிறகு நீங்கள் பின்வாங்கியிருக்கலாம். மாறாக, அப்படியானால் இல்லத்துக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டு எழுதினீர்கள். பொலிஸ் நற்சான்றும், மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் கேட்ட ஏனைய கடிதங்களும் மே மாதத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தன. நீங்கள் செய்து தந்தவற்றுக்கு நன்றி சொல்வதற்கு முன்பு, செய்யாமல் விடச் சம்மதித்தவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன்.

"அநாதை இல்லம்" என்ற சொல்லை உங்கள் நிதி சேகரிப்பு அறிவித்தலிலிருந்து நீக்கியதற்கும் அப்படியே. இங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். வறுமையாலோ, தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனதாலோ, வீட்டில் பாதுகாப்பு இல்லாததாலோதான் அவர்கள் எங்களிடம் வந்தார்கள். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்து ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. ஆகவே இல்லத்தில் ஒரு பிள்ளை தங்கும் காலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நாங்கள் எங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்று பொருள். ஒருமுறை பழைய பதாகை ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "எனக்கு அம்மா குவைத்தில இருக்கிறாதானே அன்ரி, பிறகு ஏன் இப்படி எழுதியிருக்கிறாங்க?" என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள். உங்கள் அறிவித்தலை வாசித்திருந்தால் அவள் எதுவும் கேட்டிருக்க மாட்டாள்.

இனி, செய்த வேலைகள். திரட்டிய பணத்தைக் கொண்டு இவ்வூர் மேசனையும் கிண்ணியாவிலிருந்து வந்த ஓடாவியாரையும் (தச்சரையும்) கூலிக்கு அமர்த்தி, நீங்கள் அவர்களின் கையாட்களாக நின்றீர்கள். அவர்கள் வருமானத்தைப் பறிக்காமல் அவர்களிடமே வேலை கற்றுக்கொண்ட அந்த முடிவு உங்களுடையது; நான் சொல்லித் தந்ததல்ல. மலசலகூடக் கதவுகள் ஐந்துக்கும் உள்ளிருந்து பூட்டும் கொண்டி போட்டதும் அப்படித்தான். உங்களில் ஒரு மாணவி பெரிய பிள்ளைகளோடு திண்ணையில் இருந்து, எதை முதலில் திருத்த வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் சேர்ந்து சொன்னது அதைத்தான். நான் தயாரித்து வைத்திருந்த பட்டியலில் அது இருக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிணறு இறைத்த நாள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆவணி வெயிலில் நீர் அடிக்கு இறங்கினால்தான் சேறு எடுக்க முடியும். இரண்டு பேர் உள்ளே இறங்க, மற்றவர்கள் கப்பிக் கயிற்றைப் பிடித்துப் பின்னேரம் வரை வாளி வாளியாக இழுத்தீர்கள். உள்ளங்கை கொப்பளித்த தம்பிக்குக் குசினி அம்மா துணி சுற்றிவிட்டதும் அவர் மீண்டும் கயிற்றுக்கே போனார். சேற்றுக்குள்ளிருந்து சவர்க்காரப் பெட்டிகள், கரண்டிகள், அவற்றோடு கறுத்துப்போன ஒற்றைக் கொலுசு ஒன்றும் வந்தன. அதைத் தொலைத்துவிட்டு ஒரு கிழமை அழுத பிள்ளை இன்று மட்டக்களப்பில் தாதியாகப் பயிற்சி பெறுகிறாள். புளி போட்டுத் தேய்த்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வரும்போது கொடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் திருக்கோணேஸ்வரம் போனோம். அன்று பிள்ளைகளே வழிகாட்டிகள். பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களுக்குக் கண்டதையும் கொடுக்கக் கூடாது என்று உங்களை அதட்டியதும், இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் கதையைத் தெரிந்த ஆங்கிலத்திலும் தெரியாத இடங்களில் கையாலும் சொன்னதும் அவர்கள்தான். எப்போதும் பெற்றுக்கொள்பவர்களாகவே பார்க்கப்படும் பிள்ளைகள், அன்று தங்கள் ஊரை உங்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெருமிதத்தை அவர்கள் முகத்தில் கண்டது எனக்குப் போதும்.

உங்களை வீட்டில் தங்கவைத்த உப்புவெளிக் குடும்பத்தினருக்கும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தம்பலகாமத்திலிருந்து தயிர்ச்சட்டிகளோடு வந்த விவசாயிக்கும், திருக்கடலூரிலிருந்து மீன் கொடுத்தனுப்பிய தாய்மாருக்கும், ஓடு ஏற்றியிறக்கக் கூலி வாங்க மறுத்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரச் சாரதிக்கும் இல்லம் கடமைப்பட்டுள்ளது. சின்னப் பிள்ளைகளின் அருகில் இரவு பகலாக இருப்பவர்கள் எங்கள் பராமரிப்பாளர்களாகிய மூன்று அக்காமார். அந்த 3 வாரங்களில் குசினி வேலையையும் துணி துவைப்பதையும் நீங்கள் பகிர்ந்துகொண்டதால், பிள்ளைகளோடு இருக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. அதற்காக அவர்களும் தனியாக நன்றி சொல்லச் சொன்னார்கள்.

பிள்ளைகளுக்கு நீங்கள் நடத்திய கணித வகுப்பு நீங்கள் போன பிறகும் நிற்கவில்லை, இணையவழியே தொடர்கிறது. இங்கு சனிக்கிழமை இரவு 7.30 மணியாகும்போது அங்கு காலை 10 மணி. நவம்பரில் உங்கள் மணிக்கூட்டை மாற்றிய பின்னர் அது 9 மணியாயிற்று. விடுமுறை நாளில் ஒரு மணித்தியாலம் முன்னதாக எழும்பி, ஒரு கிழமையும் தவறாமல் திரைக்கு முன் வந்திருக்கிறீர்கள். வருவோம் என்று சொன்னவர்கள் வருவதை எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு சனிக்கிழமையும் காண்கிறார்கள்.

வரும் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. சென்ற கிழமை மின்சாரம் நின்றதால் சமன்பாடுகளில் பாதியில் விட்ட நான்காவது கணக்கிலிருந்து தொடங்குமாறு பத்தாம் தரப் பிள்ளைகள் கேட்டுக்கொள்கிறார்கள்.

மிக்க நன்றியுடன்,
பொறுப்பாளர்,
பிள்ளைகள், பணியாளர்கள் சார்பில்,
திருகோணமலை.