பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணன் மகளுக்கு 34 வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. குழந்தை 2 கிலோகூட இல்லை. 11 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும். மாற்றுத்துணி எடுக்க வீட்டு அலமாரியைத் திறந்தேன். மாதாமாதம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அட்டை பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

அவளைத் திட்ட மனம் வரவில்லை. மாத்திரை போட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது, பயந்துபோய் நிறுத்திவிட்டாள். அந்தக் கறுப்பு இயல்புதான் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை போட்ட கையோடு டீ குடித்தால் சத்து சரியாகச் சேராது, கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் இரத்தசோகை அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 52.2 சதவீதக் கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை. 180 நாள் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றவும் முடியும்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: அட்டையைக் கொடுக்கும்போது கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். அடுத்த முறை வரும்போது, போட்டது போக மீதி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு வாசகி,
மன்னார்குடி