கதவு போட்டோ கிடைத்தது

கண்ணு,

நீ அனுப்பிய, இடிபட்ட வண்டிக் கதவு போட்டோ கிடைத்தது. "எவ்வளவு ஆகும்ப்பா" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. அதான் எழுதுகிறேன். அக்காவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்புத் தேதியை அம்மா சொல்லுவாள்.

முதலில் கதவு. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார். நேராகப் போய் வந்தால் உள் ஃபிரேம் தப்பித்தது, வெளித்தகடு மட்டும் மாற்றினால் போதும். பாதியில் திக்கினாலோ, சாத்தும்போது சந்து மேலே ஒரு மாதிரி கீழே ஒரு மாதிரி இருந்தாலோ முழுக் கதவுதான். புதுப்பேட்டையில் பழைய கதவு எடுப்பதானால் பவர் விண்டோ கதவுதானா, வயர் சாக்கெட் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கு. கையால் சுற்றுகிற கதவைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

யாரிடம் விட்டாலும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடச் சொல். மோட்டாரை அவிழ்க்கும்போது, கண்ணாடியைத் தூக்கும் கத்திரிக்கோல் மாதிரியான பட்டையில் ஸ்பிரிங் விசை நிற்கும். விரல் மாட்டினால் போச்சு. என் மோதிர விரலைப் பார்த்தவன்தானே நீ. உள்ளே கை விடாதே.

தகட்டின் ஓர மடிப்பைக் கிரைண்டரில் தேய்த்தால் பழையது தனியாகக் கழன்று வரும். புதுத் தகட்டை ஒரே அடியில் மடிக்கக் கூடாது. பின்னால் டாலி இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, சுற்றிச் சுற்றி மூன்று நான்கு தடவையாகப் படுக்க வைக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு அலை அலையாகிவிடும். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைத்துவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். பேட்டரியை மறக்காதே.

நிறுத்தியிருந்த வண்டியில் எவனோ இடித்துவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரி. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி கேபினுக்கு டிங்கரிங் பார்த்தவன் நான். டிரைவர் பக்கக் கதவு. கோடு கீல் பக்கம் மெல்லிசாக ஆரம்பித்துப் பின்னால் போகப் போக ஆழமாகிறது. மடிப்பில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி லோடு எடுத்தால் நடுவில் இரண்டு மணி நேரம் படு. சாப்பிட்டுவிட்டு ஓட்டு. வேறு எதையும் சாப்பிட்டுவிட்டு ஓட்டாதே.

நம் வீட்டில் ஆர்சி புத்தகத்தில் பேர் ஏறியது உனக்குத்தான். பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் மூன்று வாரமாக எனக்கு ஒரு போன் போடாமல் இருக்கலாமா?

நீ ஆறாவது படிக்கும்போது, நடுராத்திரி எழுப்பிப் பட்டறைக்குக் கூட்டிப்போனேனே. வேலைக்கு வந்த லாரியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய்ப் பாலத்துச் சுவரில் தேய்த்துவிட்டேன். அன்றைக்கு நான் குடித்திருந்தேன். வாடை உனக்குத் தெரிந்திருக்கும். நீ டார்ச் பிடித்தாய். தட்டி எடுக்கப் பொறுமையில்லாமல் அரை இஞ்சுக்குப் பட்டியை அப்பி, விடிவதற்குள் பெயிண்ட் அடித்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று ஐந்து ரூபாய் கொடுத்தேன். அடுத்த வெயிலுக்குப் பட்டி வெடித்து விழுந்தது. ஓனர் வந்து நின்றபோது பழியை வேலைக்கு இருந்த பையன் மேல் போட்டேன். அப்போதும் நீ பக்கத்தில்தான் நின்றாய். இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. உன்மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை கண்ணு.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். ஒன்றும் பேசவில்லை.

கதவை யாரிடமும் விட வேண்டாம். ராத்திரி பஸ் பிடித்து ஞாயிறு காலை வருகிறேன். சுத்தியலும் டாலியும் நானே கொண்டுவருகிறேன். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வை. டார்ச்சுக்குப் புது செல் போட்டு வை.

அப்பா