எசக்கிமுத்து என்றுதான் வந்தது

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன், ஆனால் இரண்டு நாளாக அது மனசை அரிக்கிறது. நீயே வாயைத் திறந்து உன் பேரைச் சொன்ன பிறகும், "இல்லையே, ஸ்பெல்லிங் 'ஈ'யில் ஆரம்பிக்கிறதே, ஈசாக்கி என்றுதான் வரும்" என்று புனேயில் உன் மேலாளர் உன்னைத் திருத்தினாராம். நீயும் சரி என்றாயாம். இப்போது ஆபீஸ் முழுக்க நீ ஈசாக்கி.

அந்த 'ஈ' எப்படி வந்தது தெரியுமா? உன்னை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனது உன் தாத்தா. பேரென்ன என்று கேட்டதும், நம்ம பணகுடிப் பக்கத்து வாயில் வருகிற மாதிரியே எசக்கிமுத்து என்றார், எழுதினவர் கேட்டபடியே இங்கிலீஷில் எழுதிவிட்டார். தப்பே இல்லை. இலை எலை ஆகிறது, இடம் எடம், நிலம் நெலம். அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் முதலில் நிற்கிற இகரம் பேச்சில் எகரமாக இறங்கிவிடும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தினவள் நான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எசக்கியம்மா என்று பேர் சொன்ன பிள்ளைகளை "இசக்கியம்மாள்னு சொல்லு" என்று நிற்க வைத்துத் திருத்தினவளும் நான்தான். உன் மேலாளரை எந்த முகத்தோடு திட்ட?

உன் ஆபீசில் அந்தச் சென்னைக்காரத் தம்பி சொன்னது வேறு கதை. இசக்கி கொச்சையாம், இயக்கிதான் சரியாம், மூலம் யட்சியாம். பேர் வந்த வழி அதுதான், மறுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்புவது இயக்கிக்குத்தான். ஆனால் முப்பந்தல் இசக்கி கோயிலில் போய் இயக்கியம்மா என்று கூப்பிட்டால் பூசாரிகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். நீ வயிற்றில் தங்க வேண்டும் என்று அங்கே மரத்தில் தொட்டில் கட்டினபோது நான் இசக்கியம்மா என்றுதான் கேட்டேன், அவளுக்குப் புரிந்தது.

ஊர்ப் பேருக்கே இந்தப் பாடு. தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கி வைத்தார்கள். 2020-ல் அரசாங்கம் 1018 ஊர்ப் பேர்களை நாம் சொல்கிற மாதிரியே இங்கிலீஷில் எழுத உத்தரவு போட்டுவிட்டு, சில நாளிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சரியாகச் சொல்லி வாட்ஸப்பில் அனுப்பும்மா, ஆபீசில் போட்டுக் காட்டுகிறேன் என்றாயே, அதில்தான் எனக்குச் சங்கடம். உன் பேர் உன் தாத்தா பேர். மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று பழகிவிட்டேன். அதனால்தான் நீ பிறந்த நாளிலிருந்து எனக்கு ஐயா. ரேஷன் கடையில் எழுதிக் காட்டுவேன். வகுப்பில் அந்தப் பேரில் ஒரு பையன் வந்தபோது வருஷம் முழுக்க நம்பர் சொல்லியே கூப்பிட்டேன், அந்தப் பயலுக்குக் காரணம் இன்றுவரை தெரியாது.

தாத்தா போய் ஆறு வருஷம் ஆகிறது. நேற்று ராத்திரி உங்க அப்பா தூங்கின பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் சொன்னேன். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. போட்டுக் கேட்டால், இத்தனை வருஷம் பிள்ளைகளைத் திருத்தின எனக்கும் எசக்கிமுத்து என்றுதான் வந்திருக்கிறது. அழிக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

அம்மா