தையல் போட்டதோடு பேச்சு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்ணப் பிளவு, அதாவது பிறவியிலேயே வாயின் மேற்கூரை பிளந்திருப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறுவை சிகிச்சை செய்துவிட்டால் குழந்தை எல்லாரையும் போலப் பேசும் என்று முடித்திருந்தார்கள். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒன்றேகால் வயதில் அந்த அறுவை சிகிச்சை நடந்தது. நாலு வயது வரை அவன் என்னைக் கூப்பிட்டது ‘நாந்நா’ என்றுதான். ‘தாத்தா’ வரவில்லை.

நான் நாகஸ்வரம் வாசிக்கிறவன். நாற்பது வருஷமாகக் காற்றை வைத்துத்தான் பிழைப்பு. ஆனாலும் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு கதவு இருப்பது, பேரனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. “ஐயா, சீவாளியில ஊதும்போது மூக்கு வழியா காத்து போகுமா?” என்று பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டார். சீவாளி என்பது நாகஸ்வரத்தின் முனையில் செருகி, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. போகாதும்மா, போனால் நாதம் எப்படி நிற்கும் என்றேன். “அதைப் போகவிடாம அடைக்கிறது எதுன்னு நெனைக்கிறீங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மேல் அண்ணத்தை நாக்கால் தடவிக்கொண்டே பின்னால் போனால் எலும்பு முடிந்து மெத்தென்று ஒரு சதை வரும். அதுதான் மெல்லண்ணம். அதன் நுனியில் தொங்குவது உள்நாக்கு. கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து ‘ஆ’ என்றால் அந்தச் சதை மேலே ஏறுவதைப் பார்க்கலாம். ஏறித் தொண்டையின் பின்சுவரில் போய் ஒட்டும், பக்கச் சுவர்களும் கொஞ்சம் உள்ளே நெருங்கும், மூக்குக்குப் போகும் வழி அடைபடும். இறங்கினால் வழி திறக்கும்.

படிப்பவர்கள் இப்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த மாற்றமும் இருக்காது. அப்படியே ‘அம்மா’ என்று சொல்லுங்கள், அடைத்துக்கொள்ளும். அப்புறம் மூக்கை விட்டுவிட்டு ‘அம்பு’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். ‘ம்’மிலிருந்து ‘பு’வுக்குப் போகும்போது உதடு பிரிவதே இல்லை. உள்ளே அந்தக் கதவு மேலே ஏறி மூடுகிறது. நம் அரிச்சுவடியில் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்று வல்லினமும் மெல்லினமும் சோடி சோடியாக நிற்கின்றன அல்லவா? ஒவ்வொரு சோடிக்கும் நாக்கோ உதடோ தொடும் இடம் ஒன்றுதான். மெல்லினத்துக்கு மூக்கு வழி திறந்திருக்கும், வல்லினத்துக்கு மூடியிருக்கும். மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் விளங்கியது. என் பேரன் ‘த’ சொல்லத்தான் நாக்கைச் சரியான இடத்தில் வைத்தான். கதவு மூடாததால் அது ‘ந’வாக வெளியே வந்தது.

இது தெரியாமல் நாங்கள் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நாக்கு தடித்திருக்கிறது என்று வசம்பைச் சுட்டுத் தேய்த்தோம். நாக்குக்கு அடியில் வெட்டிவிடச் சொன்னார் ஒருவர். நான் என் பங்குக்கு, ஊதினால் சரியாகும் என்று தினமும் காலையில் அவன் வாயில் சீவாளியைக் கொடுத்தேன். பலூன் ஊதச் சொல்வதும் எங்கும் நடக்கிறது. அந்தப் பயிற்சிப் பெண் அதை நிறுத்தச் சொன்னார். ஊதும்போது கதவு மூடுவது வேறு, பேச்சில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூடித் திறப்பது வேறு, பேச்சைப் பேசித்தான் பழக்க முடியும் என்றார்.

தையல் போட்ட பிறகும் சில குழந்தைகளுக்கு மெல்லண்ணம் பின்சுவர் வரை எட்டாது. அதற்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பயனில்லை, இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டு, பேச வைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பேரனுக்கு நாலரை வயதில் அந்த இரண்டாவது அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் ‘காக்கா’ என்று சொல்லச் சொன்னால் ‘ஆ’வுக்கும் ‘ஆ’வுக்கும் நடுவில் தொண்டையில் ஒரு வெட்டு மட்டும் விழும். காற்று மூக்கில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அது அங்கே போகுமுன் குரல்வளையிலேயே நிறுத்தி ஒலி எழுப்பப் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். இந்தப் பழக்கத்தைக் கத்தி மாற்றாது. வாரம் ஒரு நாள், இரண்டு பஸ் மாறி, ஒரு வருஷத்துக்கு மேல் போய்த்தான் மாற்றினோம்.

காதும் இதில் சேர்ந்தது. காதுக்கும் தொண்டைக்கும் போகும் குழாயைத் திறக்கும் தசை மெல்லண்ணத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்தக் குழந்தைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். சொன்னதைக் கேட்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் அவனை அடிக்கடி எழுப்பி நிற்க வைத்தார்கள். பாவம், பாதி அவனுக்குக் கேட்கவே இல்லை.

அவனுக்கு உதட்டில் பிளவு கிடையாது. அதனால் பிறந்தபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை. பால் மூக்கு வழியே வந்தபோது அவசரமாகக் குடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டோம். மூன்றரை மாதத்தில் தடுப்பூசி போட வந்த செவிலியர்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறந்த அன்றே ஒவ்வொரு குழந்தையின் வாயையும் உள்நாக்கு வரை வெளிச்சம் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அண்ணப் பிளவும் இருக்கிறது. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வர வேண்டும். வரும் குழு ‘பாப்பா, தாத்தா, காக்கா’ மூன்றையும் பிள்ளைகளைச் சொல்ல வைத்துக் கேட்கட்டும். பேச்சுப் பயிற்சியாளர் மாவட்டத் தலைநகரில் மட்டும் இருந்தால் கூலி வேலைக்குப் போகிற தாய் எத்தனை வாரம் வர முடியும்? தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாளாவது அவரை அனுப்ப வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் மறுபடி இதைப் பற்றி எழுதினால் கண்ணாடிச் சோதனையையும் போடுங்கள். குழந்தையின் மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து ‘பாப்பா, பாப்பா’ என்று சொல்லச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நாகஸ்வரக்காரர்,
திருவாரூர் மாவட்டம்.