கிட்டாரோடு வந்த பிரார்த்தனை

அன்புள்ள கண்ணா,

உன் நண்பன் வீட்டார் தங்கள் யூதப் புத்தாண்டுத் தொழுகைக்கு உன்னை அழைத்துப் போனதையும், அங்கே கேட்ட 'அவீனு மல்கேனு' பிரார்த்தனையின் மெட்டை உங்கள் இசைக்குழுவில் வாசிக்கலாம் என்று அவன் சொன்னதையும் எழுதியிருந்தாய். பிரார்த்தனையை மேடைக்குக் கொண்டுவந்தால் அதைச் சிறுமைப்படுத்தியதாக ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பாடகர் லெனார்ட் கோஹனைக் கேள். அவர் உன் ஊர்க்காரர்தான். 1934இல் மான்ட்ரியலில் பிறந்தவர். அவருடைய தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே ஷார் ஹஷோமாயிம் ஜெப ஆலயத்தின் தலைவர்களாக இருந்தவர்கள். யூதர்கள் ரோஷ் ஹஷானா என்கிற புத்தாண்டிலும், பாவமன்னிப்பு கேட்கிற யோம் கிப்பூர் விரத நாளிலும் பாடுகிற 'உநெத்தனே தோக்கெஃப்' என்ற பிரார்த்தனை சின்ன வயதிலேயே அவர் காதில் விழுந்தது. வருகிற வருடம் யார் வாழ்வார், யார் சாவார் என்பது ரோஷ் ஹஷானா அன்று எழுதப்படும், யோம் கிப்பூர் அன்று முத்திரையிடப்படும் என்கிறது அந்தப் பிரார்த்தனை. நெருப்பால் யார், நீரால் யார், வாளால் யார், பசியால் யார், கொள்ளைநோயால் யார் என்று வரிசையாகப் போகும். கேட்பவருக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் அதோடு விட்டுவிடுவதில்லை. மனம் திரும்புதலும் பிரார்த்தனையும் தானமும் தீர்ப்பின் கடுமையைத் தணிக்கும் என்று சபை முழுவதும் சேர்ந்து உரக்கச் சொல்லும்.

1973 அக்டோபரில், யோம் கிப்பூர் நாளன்றே எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கிப் போர் மூண்டது. கிரேக்கத் தீவு ஒன்றில் வாழ்ந்துகொண்டிருந்த கோஹன் இஸ்ரேலுக்குக் கிளம்பிப் போய், சினாய் பாலைவனத்தில் சிப்பாய்கள் நடுவில் நின்று பாடினார். அடுத்த வருடம் வந்த இசைத்தட்டில் 'ஹூ பை ஃபயர்' இருந்தது. பழைய வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் தூக்க மாத்திரையையும் பனிச்சரிவையும் தன் கையாலேயே சாகிறவரையும் சேர்த்தார். ஒவ்வொரு சரணமும் ஒரு கேள்வியில் போய் நிற்கும்: கூப்பிடுவது யார்? சபை உரக்கச் சொல்கிற அந்த ஆறுதல் வரியை மட்டும் அவர் பாடவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். முழு மனதோடு சொல்ல வராததைப் பாட்டுக்காகச் சொல்லாமல், கேள்வியைக் கேள்வியாகவே விட்டுவிட்டார். சிறுமைப்படுத்த நினைப்பவன் இவ்வளவு கவனமாக இருக்க மாட்டான்.

2016இல், தன் 82ஆவது வயதில், அவர் அதே ஆலயத்தின் பாடகர் குழுவையும் அங்கே தொழுகையைப் பாடி நடத்தும் கிடியன் ஸெலர்மயரையும் தன் கடைசிப் பாட்டுகளுக்குப் பாடவைத்தார். அந்த இசைத்தட்டு அக்டோபர் 21இல் வெளியானது, நவம்பர் 7இல் அவர் இறந்துபோனார். ராத்திரி தனியாக இருக்கும்போது ஒருமுறை கேள்.

அப்புறம், பாட்டு எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. இது எனக்கு இன்னும் பெரிய விஷயம். வடக்கு இஸ்ரேலில் பேத் ஹஷித்தா என்று ஒரு கிப்புட்ஸ், அதாவது கூட்டு விவசாயக் குடியிருப்பு. கடவுள் நம்பிக்கையைப் பெரிதாகப் பாராட்டாதவர்கள் கட்டிய ஊர். 1973 போரில் அந்தச் சின்ன ஊர் 11 பேரைப் பறிகொடுத்தது. அதன்பிறகு அவர்களுக்கு யோம் கிப்பூர் என்றாலே துக்க நாள்தான். யாயிர் ரோசன்ப்ளூம் என்ற இசையமைப்பாளர் 1990இல் அந்த ஊருக்காக உநெத்தனே தோக்கெஃபுக்குப் புது மெட்டுப் போட்டார். அவர் ராணுவ இசைக்குழுக்களுக்குப் பாட்டுப் போட்டுப் பேர் வாங்கியவர். 1969இல் சமாதானப் பாட்டு ஒன்றுக்கு மெட்டமைத்து அது நாடெங்கும் பரவியிருந்தது. வெகுஜனப் பாட்டுக்காரரின் மெட்டு, நம்பிக்கையில்லாதவர்களின் ஊரில் பிறந்து, இன்று எத்தனையோ ஜெப ஆலயங்களில் அந்த நாளில் பாடப்படுகிறது. மேடைப் பாட்டின் இசையை ஜெபமே உள்ளே அழைத்து உட்காரவைத்துக்கொண்டது என்றால், நீ எதற்கு இவ்வளவு தயங்குகிறாய்?

உங்கள் மெட்டையும் உங்களுக்கு முன்னால் சிலர் தொட்டிருக்கிறார்கள். அவீனு மல்கேனுவில், எங்களிடம் காட்டுவதற்கு நல்ல செயல் எதுவுமில்லை, ஆனாலும் இரங்கு என்று கடவுளைக் கெஞ்சுவார்கள். கிளாஸ்கோவின் மொக்வாய் ராக் இசைக்குழு 2001இல் அந்தப் பழைய மெட்டை வார்த்தையே இல்லாமல் 20 நிமிடம் வாசித்தது. மெல்லத் தொடங்கி, கிட்டார் இரைச்சலில் மெட்டே மூழ்கிப்போகும் வரை கொண்டுபோவார்கள். கெஞ்சல் கூக்குரலாக மாறுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 1997இல் பாடியது வேறு மெட்டு, மாக்ஸ் யனோவ்ஸ்கி அமைத்தது. ஸ்ட்ரைசாண்டின் குரல் அழகுதான், ஆனால் அதில் கெஞ்சலைவிடக் கம்பீரம் கூடுதல்.

டிசம்பரில் உன் காதில் விழப்போகும் ஹனுக்கா என்ற யூத விளக்குத் திருநாளின் பாட்டுகள் வேறு ரகம். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு நடுவில் யூதக் குழந்தைகளுக்கும் ஒன்று வேண்டும் என்று 1994இல் நகைச்சுவை நடிகர் ஆடம் ஸாண்ட்லர் டிவியில் பாடியது சிரித்துக் கேட்கிற பாட்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரி யூதர் இல்லை. ஆனால் அவர் மாமியார் அலிஸா கிரீன்பிளாட் ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியின் கவிஞர். அந்த உறவில் கத்ரி எழுதிவைத்த ஹனுக்கா வரிகளை 2006இல் கிளெஸ்மாடிக்ஸ் குழு பாடி வெளியிட்டது. அதையும் கேள், மனசு லேசாகும்.

சரி, நீ என்ன செய்ய வேண்டும்? வாசி. ஆனால் அதற்கு முன்னால் உன் நண்பனின் தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பாடுவதைக் கேட்டு வரி வரியாகக் கற்றுக்கொள். எந்த இடத்தில் குரல் தழைகிறது, எங்கே சபை சேர்ந்துகொள்கிறது என்பதெல்லாம் ரெக்கார்டில் பிடிபடாது.

யோம் கிப்பூருக்கும் கூப்பிட்டால் கட்டாயம் போ. அன்று தோல் காலணி போடுவதில்லை, துணி ஷூ போட்டுக்கொள். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. அவர்கள் ஒரு நாளுக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார்கள், அதனால் நீ முன்னாலேயே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. கடைசியில் ஆட்டுக்கொம்பு ஊதும் வரை இரு, பாதியில் எழுந்து வராதே. அங்கே உநெத்தனே தோக்கெஃபை ரோசன்ப்ளூம் மெட்டில் பாடுகிறார்களா, பழைய மெட்டில் பாடுகிறார்களா என்று கவனித்து எனக்கு எழுது.

பாசத்துடன்,
அம்மா